சமூகப் பார்வை: ஒரு தொப்பியும் எட்டுச் சென்ட்டும்



இம்மாதம் ஒரு தொப்பியைப் பற்றி எழுத விரும்புகின்றேன். ஆயர் பெருமக்கள் அணியும் தொப்பியன்று அது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் வெயிலுக்கும் விளையாட்டுக்குமாகத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும், முன்புறம் நாக்கு நீட்டிய சாதாரணத் துணித் தொப்பி. அதன் நெற்றியில் பல்கலைக்கழகத்தின் பெயரும் சின்னமும் பூவேலையாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

நம் நாட்டில் கல்லூரியின் பெயரைச் சட்டையில் பொறித்துக்கொண்டு திரிவது விளையாட்டு வீரர்களின் வழக்கம். அமெரிக்காவிலோ அது பெரும் வாணிபம். மாணவர்கள் மட்டுமல்லாது, அவர்களுடைய பெற்றோரும், என்றோ படித்து முடித்த முதியவர்களும், ஊர்க்காரர்களுங்கூட அந்தச் சின்னம் பொறித்த சட்டைகளையும் தொப்பிகளையும் வாங்குகின்றார்கள். சின்னம் பல்கலைக்கழகத்தின் உடைமை. ஆதலால் அதனைத் துணியில் பொறித்து விற்க விரும்பும் நிறுவனம் பல்கலைக்கழகத்திடம் உரிமம் பெறவேண்டும். விற்பனையில் ஒரு பங்கை உரிமைத் தொகையாகச் செலுத்தவேண்டும். 1990களின் இறுதியில் இவ்வாணிபம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 250 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்திருந்தது.

இந்தத் தொப்பிகளை யார் தைக்கின்றார்கள்? 1998-ஆம் ஆண்டுவரை இக்கேள்வியைப் பெரும்பாலோர் கேட்டதில்லை. அவ்வாண்டில் அமெரிக்கத் துணித் தொழிலாளர் சங்கமொன்று ஓர் அறிக்கையை வெளியிட்டது. கரிபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில், தலைநகருக்கு வடமேற்கே, வில்லா அல்தாகிராசியா என்றொரு சிற்றூர். அங்கே கொரிய முதலாளிகளுக்குச் சொந்தமான தொப்பி ஆலையொன்றில், புகழ்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் தொப்பிகளைப் பெரும்பாலும் பெண்களே தைத்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட நேர வேலை, குறைந்த கூலி, சங்கம் அமைக்க முயன்றால் வேலை நீக்கம் என்பனவே அங்கு நிலவிய நிலைமை என அவ்வறிக்கை கூறிற்று. அதிலிருந்த ஒரு கணக்குத்தான் மாணவர்களின் நெஞ்சைத் தைத்தது. ஏறக்குறைய 20 டாலருக்கு விற்கப்பட்ட தொப்பியில் தைத்த தொழிலாளர்களுக்குச் சேர்ந்தது 8 சென்ட். சின்னத்தை வழங்கிய பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்தது ஒன்றரை டாலர்.

நம் வீட்டுக் கணக்கில் சொல்வதானால், நூறு ரூபாய்க்கு விற்ற தொப்பியில் தைத்தவர்களுக்கு நாற்பது காசு. பெயரை மட்டும் கொடுத்தவருக்கு ஏழரை ரூபாய். ஊசியைத் தொடாத கல்விக்கூடம், ஊசியைப் பிடித்த கைகளைப்போல் ஏறத்தாழப் பத்தொன்பது மடங்கு பெற்றுக்கொண்டது. அறநெறியும் மனித மாண்பும் போதிக்கும் வகுப்பறைகள் அந்தப் பணத்திலும் நடந்தன.

இது தெரிந்தபின் மாணவர்கள் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. பற்பல பல்கலைக்கழகங்களில் தனித்தனியே இயங்கிவந்த குழுக்கள் 1998-இல் ஒன்றுகூடி, வியர்வைக் கூடங்களை எதிர்க்கும் ஒன்றுபட்ட மாணவர் அமைப்பு என்ற பெயரில் நாடளாவிய இயக்கமொன்றைத் தொடங்கினர். காற்றோட்டமில்லாத அறைகளில் அற்பக் கூலிக்கு ஆட்களை அடைத்து வேலை வாங்கும் தையற்கூடங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே வியர்வைக் கூடம் என்பது.

மாணவர்களின் முதற் கோரிக்கை என்னவென்று நினைக்கின்றீர்கள்? கூலியை உயர்த்துங்கள் என்பதன்று. ஆலைகளின் முகவரியைச் சொல்லுங்கள் என்பதே. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் நிறுவனங்கள் மிகக் கடுமையாக எதிர்த்தது இதனைத்தான். எங்கே தைக்கின்றோம் என்பது வாணிப இரகசியம், போட்டியாளர்கள் அறிந்துவிடுவார்கள் என்றனர். முகவரி தெரியாதவரையில் எந்த வாக்குறுதியையும் சோதித்துப் பார்க்க இயலாது. சிறுவர்களை வேலைக்கு வைப்பதில்லை, சட்டப்படி கூலி தருகின்றோம் என்று தாளில் எழுதிக் கையொப்பமிடுவது எளிது. முகவரி தெரிந்துவிட்டால் யாரேனும் ஒருவர் கதவைத் தட்டுவார். வாயிலில் நின்று வேலை முடிந்து வெளிவரும் பெண்ணிடம் பேசுவார். இந்த நுட்பத்தை இருபது வயதுப் பிள்ளைகள் உணர்ந்திருந்தார்கள் என்பதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

1999-ஆம் ஆண்டு தொடக்கத்தில் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் தலைவரின் அலுவலகக் கட்டடத்தில் அமர்ந்து அறப்போர் நடத்தினர். அடுத்த சில நாட்களில், பிப்ரவரியில், வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலும் அதுவே நிகழ்ந்தது. ஜார்ஜ்டவுன் 1789-இல் நிறுவப்பட்டது. இயேசு சபையினர் நடத்துவது. அமெரிக்காவின் மிகப் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அப்போதைய தலைவர் அருட்தந்தை லியோ ஓ'டோனவன் அவர்களின் அலுவலகத்தில் மாணவர்கள் 85 மணி நேரம் அமர்ந்திருந்தனர். கல்லெறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. ஈற்றில், சின்னம் பொறிக்கும் நிறுவனங்கள் தங்கள் ஆலைகளின் இருப்பிடத்தை வெளியிட வேண்டுமென்ற கோரிக்கையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. விஸ்கான்சினிலும் வேறு பல இடங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நைக்கி நிறுவனம், அதுகாறும் இயலாது என்று கூறிவந்த செயலைச் செய்தது. பல்கலைக்கழக ஆடைகள் தைக்கப்படும் நாற்பதுக்கு மேற்பட்ட ஆலைகளின் முகவரிகளை வெளியிட்டது. இரகசியம் வெளிவந்ததால் அந்நிறுவனம் அழிந்துபோய்விடவில்லை என்பதை நாமெல்லாரும் அறிவோம்.

ஜார்ஜ்டவுனைப் பற்றி இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 1838-ஆம் ஆண்டில் மேரிலாந்து இயேசு சபையினர் தமக்கு உடைமையாயிருந்த 272 அடிமைகளை லூயிசியானாத் தோட்ட முதலாளிகளுக்கு விற்றனர். அப்பணத்தின் ஒரு பகுதி அக்கல்லூரியின் கடனை அடைக்கப் பயன்பட்டது. தாயையும் பிள்ளையையும் கப்பலேற்றிய பணம். 2017-இல் இயேசு சபையினரும் பல்கலைக்கழகமும் அம்மக்களின் வழித்தோன்றல்கள் முன்னிலையில் மன்னிப்புக் கோரினர். 2019-இல் மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் நலனுக்காகத் தாங்களே ஒரு கட்டணம் செலுத்தலாமென்று பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். திருச்சபைக்குச் சொந்தமான நிறுவனமென்றால் அதன் வரவு செலவும் தூயதாகத்தான் இருக்கும் என்று வாளாவிருப்பது சரியன்று. நம் பங்குகளும் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல.

முகவரி கிடைத்தாயிற்று. சோதிப்பது யார்? அரசின் முன்முயற்சியால் நிறுவனங்களும் சில சமூக அமைப்புகளும் சேர்ந்து 1999-இல் ஒரு கண்காணிப்புச் சங்கத்தை உருவாக்கியிருந்தன. அதன் நிர்வாகக் குழுவில் ஆடை நிறுவனங்களின் பிரதிநிதிகளும் வீற்றிருந்தார்கள். மாணவர்கள் இதனை ஏற்கவில்லை. கணக்குப் பார்க்கப்பட வேண்டியவனே கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நற்செய்தியிலுள்ள நேர்மையற்ற கண்காணிப்பாளன் உவமையே போதும். ஆகவே, நிறுவனங்களின் பணமும் பிரதிநிதிகளும் இல்லாத தனி அமைப்பாக, தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு என்பது 2000-இல் உருவாயிற்று. உறுப்பினராகும் பல்கலைக்கழகங்கள் தமக்குக் கிடைக்கும் உரிமைத் தொகையைக் கணக்கிட்டுச் சந்தா செலுத்துகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்தன. ஆலையில் முறையீடு எழுந்தால் கூட்டமைப்பின் ஆய்வாளர்கள் செல்கின்றார்கள், மேலாளர் முன்னிலையில் அன்றி, தொழிலாளரின் இல்லங்களில் வைத்து விசாரிக்கின்றார்கள், கண்டதை வெளியிடுகின்றார்கள்.

நான் மாணவர் இயக்கங்களின் குறையையும் அறிவேன். மாணவன் நான்கு ஆண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவான். நிறுவனமோ நாற்பது ஆண்டு இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் இந்தக் கூச்சல் அடங்கிவிடும் என்று காத்திருக்க அதற்குத் தெரியும். இந்தப் பிள்ளைகள் தாங்கள் போனபின்னும் நினைவில் வைத்திருக்கும் ஓர் அமைப்பை விட்டுச் சென்றார்கள். என் கருத்தில், 85 மணி நேரம் அமர்ந்திருந்ததைக் காட்டிலும் இது பெரிய செயல்.

சரி, தொப்பி தைத்த அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்?

அறிக்கையும் மாணவர் போராட்டமும் தந்த துணையால் வில்லா அல்தாகிராசியாவில் தொழிலாளர்கள் மெல்ல மெல்லச் சங்கம் அமைத்தனர். வேலை நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர். 2003-இல் நிர்வாகத்துடன் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்நாட்டு ஏற்றுமதி ஆலைகளில் அது மிக அரிய நிகழ்ச்சி. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் தொப்பி வாங்கும் நிறுவனங்கள் தங்கள் ஆர்டர்களைக் கூலி இன்னும் மலிவான நாடுகளுக்கு மாற்றிக்கொண்டன. 2007-இல் ஆலை மூடப்பட்டது. ஊரின் பெரிய வேலைத்தலம் அதுதான். நீதி கேட்டதற்குப் பரிசு வேலையின்மையா என்று அப்பெண்கள் கேட்டிருந்தால், யார் விடை கூறியிருக்க முடியும்?

மூன்று ஆண்டுகள் சென்றன. நைட்ஸ் அப்பேரல் என்ற ஆடை நிறுவனம் பல்கலைக்கழக ஆடை வாணிபத்தில் முன்னணியில் இருந்தது. அதன் தலைவர் ஜோசப் போசிச் என்பவர், மாணவர்களும் தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பினரும் இத்தனை ஆண்டுகளாகக் கூறிவந்ததைச் செய்து பார்க்கத் துணிந்தார். 2010-இல் அதே ஊரில் புதிய ஆலை திறக்கப்பட்டது. பழைய தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். அங்குத் தயாரான ஆடைகளுக்கு அல்தா கிராசியா என்றே பெயரிட்டனர்.

அந்தப் பெயரின் பொருள் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். உயர்ந்த அருள் என்பது அதன் பொருள். அல்தாகிராசியா அன்னை டொமினிக்கன் குடியரசின் காவலி. மாட்டுக் கொட்டிலில் கிடத்தப்பட்ட குழந்தை இயேசுவைக் கைகூப்பி வணங்கும் அன்னையின் ஓவியம் இகுவேய் நகரப் பேராலயத்தில் இருக்கின்றது. ஜனவரி 21-ஆம் நாள் அங்குத் திரளும் மக்களை எண்ணும்போது நம் வேளாங்கண்ணித் திருவிழா நினைவுக்கு வரும்.

கூலி எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். சந்தையில் ஆள் என்ன விலைக்குக் கிடைப்பான் என்று பார்க்கவில்லை. அவ்வூரில் ஒரு குடும்பத்துக்கு அரிசிக்கும் பருப்புக்கும், வீட்டு வாடகைக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், மருந்துக்கும், பேருந்துக்கும் என்ன செலவாகும் என்று கடை கடையாக விலை விசாரித்துக் கூட்டிப் பார்த்தார்கள். மாதம் ஏறக்குறைய 500 டாலர் என்று வந்தது. ஏற்றுமதி ஆலைகளுக்குச் சட்டம் விதித்திருந்த குறைந்தபட்சக் கூலி ஏறக்குறைய 150 டாலர்தான். மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. புதிய ஆலை முன்னதையே கொடுத்தது. சங்கம் அமைக்கும் உரிமையையும் மதித்தது. ஆலையின் உள்ளே சென்று பார்க்கக் கூட்டமைப்புக்கும் வாசலைத் திறந்துவிட்டது.

அவ்வளவு கூலி கொடுத்தால் சட்டையின் விலை எங்கே போகும் என்று கேட்பீர்கள். ஒரு பனியன் சட்டையைச் செய்து முடிக்க 4 டாலர் 80 சென்ட் ஆயிற்று. குறைந்தபட்சக் கூலி கொடுத்திருந்தால் 80 சென்ட் குறைந்திருக்கும். கடையில் அது 18 டாலருக்கு, மற்றப் பெயர்பெற்ற நிறுவனங்களின் சட்டைகளை ஒட்டிய விலைக்கே விற்கப்பட்டது. ஆக, ஒரு குடும்பம் பட்டினியின்றி வாழ்வதற்கும் கடனில் மூழ்குவதற்கும் இடையே நின்றது, சட்டை ஒன்றுக்கு 80 சென்ட். பல ஆண்டுகளாக மேடைகளில், நியாயக் கூலி கொடுத்தால் தொழில் நசித்துவிடும் என்ற பேச்சைக் கேட்டிருக்கின்றோம். அப்பேச்சை இனிக் கேட்கும்போது, எத்தனை சென்ட் என்று கேட்கலாம்.

மிகைப்படுத்த வேண்டாம். அந்த ஆலையில் வேலை பெற்றோர் நூற்றுச் சொச்சம் பேர்தான். பெரிய நிறுவனங்கள் அதனைப் பின்பற்ற ஓடிவரவில்லை. பல்கலைக்கழகக் கடைகளில் அச்சட்டைகளை வாங்கி அடுக்கச் செய்வதற்கே மாணவர் குழுக்கள் ஒவ்வொரு வளாகத்திலும் துண்டுப் பிரசுரம் கொடுத்தும், கடை மேலாளரைச் சந்தித்தும் மன்றாட வேண்டியிருந்தது. டியூக் பல்கலைக்கழகக் கடை தொடக்கத்திலேயே பெருந்தொகைக்கு ஆர்டர் கொடுத்தது பெரிய உதவியாயிற்று.

இவ்விடத்தில் திருச்சபையின் போதனையை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். தொழிலாளியும் முதலாளியும் மனமொத்து ஒப்புக்கொண்டுவிட்டால் எந்தக் கூலியும் நியாயக் கூலிதான் என்ற வாதத்தைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே தம் சுற்றுமடலில் மறுத்துவிட்டார். உழைப்பாளி சிக்கனமாக வாழ்வதற்குக் கூலி போதவேண்டும் என்பது ஒப்பந்தத்துக்கு முற்பட்ட நீதி என்றார். பசிக்குப் பயந்து ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் கட்டாயத்துக்குச் சமம் என்பது அவர் கருத்து. கல் குவாரியிலும் இரசாயன ஆலையிலும் தாமே உழைத்திருந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இன்னோர் எண்ணத்தை அளித்தார். கூலி கொடுப்பவர் மட்டுமே முதலாளி என எண்ணிவிடலாகாது. அவரைச் சுற்றி நின்று, அவர் என்ன கூலி கொடுக்க முடியும் என்பதை முடிவு செய்யும் அமைப்புகளும் அரசுகளும் நிறுவனங்களும் மறைமுக முதலாளிகளே, அவர்களுக்கும் பொறுப்புண்டு என்பது அது. வில்லா அல்தாகிராசியாவின் நேர் முதலாளி கொரியர். மறைமுக முதலாளிகள், சின்னத்தை விற்ற பல்கலைக்கழகங்கள். மாணவர்கள் சுற்றுமடலைப் படித்தார்களோ இல்லையோ, அதன் பொருளைச் சரியான இடத்தில் பொருத்திக் காட்டிவிட்டார்கள். பொருள் வாங்குவது பொருளாதாரச் செயலாக மட்டும் நின்றுவிடுவதில்லை, அதில் எப்போதும் அறம் கலந்திருக்கின்றது என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் எழுதியதையும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் அதனையே எடுத்தாண்டதையும் வாசகர்கள் படித்திருக்கக்கூடும்.

ஆயினும் ஒரு தடையை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட கிளர்ச்சிகளால் ஏழைத் தொழிலாளியின் வேலையே போய்விடாதா? போனதுண்டு. 1990களின் தொடக்கத்தில், சிறுவர் உழைப்பில் உருவான பொருள்களைத் தடை செய்யும் மசோதாவொன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்ததும், வங்காள தேசத்து ஆடை முதலாளிகள் அஞ்சி ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரை ஒரே மூச்சில் வெளியேற்றிவிட்டனர். அவர்களிற் பலர் பள்ளிக்குச் செல்லவில்லை. கல்லுடைப்பது போன்ற, அதனினும் கொடிய வேலைகளுக்கே சென்றனர். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இது கசப்பான சான்று.

இதனாற்றான் மாணவர் அமைப்பினர், வாங்காதீர்கள் என்ற கூக்குரலை முதல் ஆயுதமாகக் கொள்ளவில்லை. ஆலையை விட்டு ஓடாதே, அங்கேயே இருந்து திருத்து என்பதே அவர்கள் நிறுவனங்களிடம் கேட்டது. ஹோண்டுராஸ் நாட்டில் இது சோதிக்கப்பட்டது. ரஸ்ஸல் என்ற நிறுவனத்தின் ஆலையொன்றில் தொழிலாளர் சங்கம் அமைத்ததையடுத்து, 2009 ஜனவரியில் அது மூடப்பட்டது. ஏறக்குறைய 1,200 பேர் வேலையிழந்தனர். சங்கத்தின் மீதுள்ள வெறுப்பே மூடலுக்கு முக்கியக் காரணம் என்று தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு கண்டறிந்தது. மாணவர்கள் தத்தம் பல்கலைக்கழகங்களை அணுகினர். ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய நூறு பல்கலைக்கழகங்கள் அந்நிறுவனத்துடன் உரிம ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் இறங்கிவந்தது. புதிய ஆலை திறந்து, வேலையிழந்தோரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சங்கத்தையும் ஏற்பதாக ஒப்பந்தம் செய்தது. புதிய நாள் என்று பொருள்படும் பெயர் அந்த ஆலைக்கு வைக்கப்பட்டது. இந்தோனேசியாவில் முதலாளி தப்பியோடியதால் 2011-இல் மூடப்பட்ட ஆலையொன்றின் 2,800 தொழிலாளருக்குச் சேரவேண்டிய பணிக்கொடை வகையில் அடிடாஸ் நிறுவனத்தையும் 2013-இல் இவ்வாறே உடன்பாட்டுக்கு வரச் செய்தனர்.

ஆடையைப் போலவே காப்பியும் வளாகங்களுக்குள் வந்தது. அதன் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு குருவானவர். பிரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்ற டச்சு நாட்டுக் குரு, மெக்சிகோவின் ஒவாஹாகா மலைகளில் காப்பி பயிரிடும் பழங்குடி மக்களோடு தாமும் ஓர் உழவராக வாழ்ந்தார். இடைத்தரகர்களிடமிருந்து அவர்கள் விடுபடக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கத் துணை நின்றார். அம்மக்கள் அவரிடம் கேட்டது தர்மமன்று, தங்கள் காப்பிக்கு நியாயமான விலை. 1988-இல் அவரும் நிக்கோ ரோசன் என்பவரும் சேர்ந்து நெதர்லாந்தில் நியாய வாணிப முத்திரையொன்றை அறிமுகப்படுத்தினர். இங்கிலாந்தில் இதற்கான நிறுவனத்தை 1992-இல் தோற்றுவித்த அமைப்புகளுள் கத்தோலிக்கத் திருச்சபையின் உதவி நிறுவனமான காஃபோடும் ஒன்று. 2003-இல் ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகம், தன் உணவகங்களிலும் கூட்டங்களிலும் இவ்வகைக் காப்பியும் தேநீரும் பயன்படுத்துவதாக உறுதிகூறி, முதல் நியாய வாணிபப் பல்கலைக்கழகமாயிற்று.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று புத்தகத்தை மூடிவிட வேண்டாம். திருப்பூரும் திண்டுக்கல்லும் அந்த நூலின் மறுமுனையில் இருக்கின்றன. மூன்றாண்டு விடுதியில் தங்கி நூற்பாலையில் வேலை செய்தால் முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசை காட்டி, சுமங்கலித் திட்டம் என்ற மங்கலப் பெயரால் நம் கிராமத்துப் பெண்பிள்ளைகளை அழைத்துச் சென்றதை அறியாதவர் நம்மில் சிலரே. முழுத் தொகையும் கிடைக்காமல், உடல் நலமும் கெட்டு வீடு திரும்பிய பெண்கள் எத்தனை பங்குகளில் உள்ளனர் என்பதை அப்பங்குகளின் குருக்களும் கன்னியரும் நன்கு அறிவர். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆடை தைக்கும் ஆலையொன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண்ணொருத்தி, அவளை நெடுநாள் தொல்லைப்படுத்திவந்த மேற்பார்வையாளனால் கொலையுண்டாள். அந்த ஆலையில் விசாரணை நடத்தியவர்களுள் மேலே கூறிய தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பும் ஒன்று. அமெரிக்க மாணவர்கள் ஒரு தொப்பிக்காக அலுவலகத் தரையில் அமர்ந்ததன் பயன் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து நம் மாவட்டமொன்றுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் முழுப் பெருமையும் அவர்களுக்குரியதன்று. அக்கொலைக்குப்பின் முன்னின்று போராடியது பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். அதன் விளைவாக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்படிக்கை உருவாயிற்று. ஆலை நிறுவனம் சங்கத்தோடும், எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய வெளிநாட்டு நிறுவனங்கள் தொழிலாளர் அமைப்புகளோடும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பெண் தொழிலாளருக்குள்ளேயே கண்காணிப்பவர்கள் பயிற்றுவிக்கப்பட்டு, தொல்லைகளை உடனுக்குடன் அறிவிக்கவும் தீர்க்கவும் வழி ஏற்பட்டது. கைப்பட எழுதிய நல்லெண்ண அறிக்கைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடுண்டு. ஆலை உடன்படிக்கையை மீறினால், வாங்கும் நிறுவனங்கள் அதற்குரிய நடவடிக்கை எடுக்க அதன்படி கடமைப்பட்டிருந்தன.

இப்படியெல்லாம் எழுதிவிட்டு, சந்தையில் பிள்ளைக்கு மலிவுச் சட்டை தேடும் தாயின் தோளில் இந்தப் பாரத்தை ஏற்ற நான் விரும்பவில்லை. அவளுக்குத் தெரிவு செய்ய வசதியுமில்லை. அந்தச் சட்டை எங்கே தைக்கப்பட்டது என்று கேட்டாலும் கடைக்காரருக்குத் தெரியாது. ஜார்ஜ்டவுன் மாணவர்கள் தங்கள் தோழர்களிடம், நீ ஏன் அந்தத் தொப்பியை வாங்கினாய் என்று சண்டையிடவில்லை. பல்கலைக்கழகத்திடம் சென்றார்கள். ஆயிரக்கணக்கில் வாங்குபவரிடம்தான் கேட்கும் வலிமை இருக்கின்றது. ஒரு கத்தோலிக்கப் பள்ளி ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணவருக்குச் சீருடைத் துணி எடுக்கின்றது. கல்லூரி விளையாட்டு அணிகளுக்கு உடை தைக்கின்றது. மறைமாவட்ட விழாவென்றால் பனியன்களும் பைகளும் தொப்பிகளுங்கூட மொத்தமாகச் செய்விக்கின்றோம். அவற்றைத் தைப்பவர் யார், விலைப்புள்ளி கேட்கும்போது நாம் எதைக் கேட்கின்றோம், எதைக் கேட்பதில்லை?

நம் கல்லூரிகளில் இளங்கத்தோலிக்க மாணவர் இயக்கத்தைச் சார்ந்த பிள்ளைகள் இதனைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் முகவரியைக் கேளுங்கள். அது மரியாதையான கேள்வி; எந்த முதல்வரும் அதற்காகக் கோபிக்க நியாயமில்லை. கிடைத்தபின் ஒரு மாலை நேரம் அங்குச் சென்று, வேலை முடிந்து வெளிவரும் அக்காமாரோடு பேசிப் பாருங்கள்.

சீருடையோ விழா ஆடையோ மொத்தமாகச் செய்வித்த அனுபவமுள்ள பங்குப் பேரவையினரும், பள்ளித் தாளாளர்களும், தையல் வேலை செய்யும் சகோதரிகளும் இப்பகுதிக்கு எழுதுமாறு அழைக்கின்றேன். ஒரு சட்டைக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற விவரங்களோடு எழுதினால் வரும் இதழ்களில் அக்கணக்குகளை வெளியிடலாம். பெயர் வேண்டாமென்றால் வெளியிட மாட்டோம்.